நாலு பிளக்கும் கறுப்பு

தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், இரண்டு லாட்ஜுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறுகிற ஒரு தகரக் கொட்டகைதான் அழகியநம்பியின் ஒர்க்‌ஷாப். போர்டு கிடையாது. 'பிளக்கு நம்பி' என்று கேட்டால் வாசலில் பழம் விற்கிறவள்கூட வழி காட்டுவாள். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூர ஒரு கிறக்கம் உண்டு. வெளியே மட்டும், "என்ன பேரு வே இது, ஏதோ கள்ளன் பேரு மாதிரி" என்று சலித்துக்கொள்வார்.

வண்டி வந்து நின்றால் டிரைவரிடம் ஒன்றும் கேட்க மாட்டார். கேட்பது தன் மரியாதைக்குக் குறைவு என்று நினைப்பு. பானெட்டைத் திறந்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, தரையில் விரித்த சாக்கில் கழற்றிய வரிசைப்படியே வைப்பார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து முனையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிற வைத்தியர் மாதிரி. பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. வெள்ளைவெளேரென்று வெந்திருந்தால் உள்ளே சூடு மிஞ்சுகிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் ரிங் தேய்ந்து ஆயில் மேலே ஏறுகிறது. உலர்ந்த கரியாகப் படிந்திருந்தால் வேண்டிய அளவுக்கு மேல் பெட்ரோல் போகிறது. "டிரைவர் பொய் சொல்லுவான், முதலாளி பொய் சொல்லுவான், பிளக்கு பொய் சொல்லாது வே" என்பார். சொன்னது பெரும்பாலும் சரியாகவும் இருந்துவிடும். வினையே அங்கேதான் இருந்தது.

பெட்ரோல் விலை ஒரேயடியாக ஏறி, வண்டி வைத்திருந்தவர்கள் எல்லாரும் தங்கள் டிரைவர்களைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்த வருஷம். ஓணம் கழிந்து ஒரு காலையில் சிவகாமியம்மாளின் அம்பாசடர் டாக்ஸி கரும்புகை கக்கிக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் புது டிரைவர் சோமன்.

"ஆசானே, இது பெட்ரோலை வெள்ளம் மாதிரி குடிக்குது. அம்மா என் முகத்தை ஒரு மாதிரி நோக்குது. ஞான் ஒண்ணும் செய்யல, சத்தியம்."

நம்பி பிளக்குகளைக் கழற்றினார். நாலும் கறுப்பு. ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். மண்ணெண்ணெய் வாசனை வந்தது. பழைய டிரைவர் பிச்சைக்கனியின் காலத்தில் வந்த அதே வாசனை.

"யாருடே பெட்ரோல் ஊத்துகது?"

"அம்மாவோட மருமகன் நாகேஸ்வரன் சார். பெட்ரோல் பங்குக்குக் கூடவே வருவார். டேங்குக்குப் பூட்டு போட்டாச்சு ஆசானே. சாவி அம்மா இடுப்பில. ஞான் அந்த மூடியைத் தொட்டதே இல்ல."

"அப்ப பங்குலயே கலக்குகானுவ" என்றார் நம்பி, யோசிக்காமல். சோமன் நிம்மதியாகி டீ குடிக்கப் போனான்.

புது பிளக்குகளைப் போட்டுப் பார்க்கலாம் என்று அட்டைப்பெட்டியை உடைத்து ஒன்றை வெளியே எடுத்தார். பழக்கதோஷம், அதையும் மூக்கருகே கொண்டுபோனார். மண்ணெண்ணெய் வாசனை. இன்னும் எந்த எஞ்சினுக்குள்ளும் போகாத பிளக்கு அது. பிளக்கைக் கீழே வைத்துவிட்டு வெறும் விரல்களை மோந்து பார்த்தார். மற்ற கையையும் மோந்து பார்த்தார்.

இருபது வருஷத்துக்கு மேலாகப் பிரித்த சாமானையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவி, கடைசியில் கையையும் அதிலேயே கழுவுகிறவர். கையில் வேறு எந்த வாசனை வரும்? தினமும் சேர்ந்தே இருக்கிற வாசனை மூக்குக்குத் தெரிவதில்லை; பிளக்கு என்று ஒன்றைப் பிடித்து மோந்து பார்க்கும்போதுதான் தெரிகிறது. நம்பி பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஆடி மாதத்தில் நடந்தது அப்படியே கண்முன்னால் வந்தது. சிவகாமியம்மாள் இதே வண்டியின் பின்சீட்டில் குடையோடு வந்து இறங்கினாள். ஓட்டி வந்தவன் பிச்சைக்கனி. ஏழு வருஷமாக அவள் வண்டியை ஓட்டியவன். கொட்டகையில் அன்றைக்கு வேறு டாக்ஸிக்காரர்களும் நின்றார்கள்.

"நம்பி, வண்டி பெட்ரோலைக் குடிச்சுத் தள்ளுகு. இவன் மண்ணெண்ணெய் கலக்குகானோன்னு எனக்கு ஒரு சம்சயம். நீ பாத்துச் சொல்லு, எனக்கு அது மதி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள் அம்மாள், அவனை வைத்துக்கொண்டே.

பிச்சைக்கனி கோபப்படவில்லை. தானே பானெட்டைத் தூக்கிவிட்டுச் சிரித்தான். "பாருங்க அண்ணாச்சி. நீங்க பாத்துச் சொன்னா ஊருக்கே தெரிஞ்சிரும்."

நம்பி ஒரு வேனின் கியர்பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து வந்தார். நாலு பிளக்கும் கறுப்பு. விரலால் தேய்த்தார்; கரி பொடியாக உதிர்ந்தது. உலர்ந்த கரி. மண்ணெண்ணெய் கலந்திருந்தால் பிசுபிசுவென்று ஒட்டும். விரலுக்கு அது தெரிந்துவிட்டது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்புகிற கார்புரேட்டரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் கார்புரேட்டரைப் பத்துப் பதினைந்து நாளைக்கு முன்னால் பிரித்துக் கழுவிப் பூட்டியவர் அவரேதான். "இனி ஓணம் வரைக்கும் இதை யாரும் தொட வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியதும் அவரே. தான் கை வைத்த இடத்தில் குற்றம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஆகவே மோந்து பார்த்தார். அம்மாள் சொன்ன வாசனையே வந்தது.

"மோந்து பாருங்கம்மா" என்று அவள் மூக்கருகே நீட்டினார். அம்மாள் ஒரு தடவை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிச்சைக்கனியிடம் நீட்டினார். அவனும் குனிந்து மோந்து பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. எதையோ கணக்குப் போடுகிறவன் மாதிரி பிளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பிளக்கு பொய் சொல்லாது" என்றார் நம்பி, சுற்றி நின்ற டாக்ஸிக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி. பிச்சைக்கனி சாவியை அம்மாளின் கையில் கொடுத்துவிட்டு நடந்தே போனான். அந்த மௌனத்தை எல்லாரும் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் கிழக்கேகோட்டை ஸ்டாண்டில் எந்த முதலாளியும் அவனிடம் வண்டியைக் கொடுக்கவில்லை. 'மண்ணெண்ணெய்' என்று அவனுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். கரமனையாற்றில் மணல் வாரப் போகிறான் என்று கேள்விப்பட்டார் நம்பி. ஒருநாள் பஸ்ஸில் போகும்போது கூடையோடு கரையேறுகிறவனைக் கண்டார். கள்ளனுக்குக் கூச்சமாக இருக்கும் என்று, பெரிய மனசு பண்ணி, தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பெரிய மனசு இப்போதுதான் அவருக்கே கேவலமாகத் தெரிந்தது.

எழுந்து வண்டிக்கு வந்தார். கார்புரேட்டருக்கு அடியில் கையை விட்டார். குளிர்ந்த வண்டியைக் கிளப்ப சோக்கை இழுத்தால் அங்கே பெட்ரோல் விடுகிற ஜெட் கீழே இறங்கும், பெட்ரோல் கூடுதலாகப் போகும். வண்டி சூடேறியதும் சோக்கை உள்ளே தள்ளினால் ஒரு சின்ன ஸ்பிரிங் அதை மேலே இழுத்துவிட வேண்டும். அந்த ஸ்பிரிங் தொளதொளவென்று கிடந்தது. ஜெட் பாதியில் நின்றிருந்தது. வண்டி காலையிலிருந்து இரவு வரை சோக்கு இழுத்தபடியே ஓடியிருக்கிறது. ஸ்பிரிங்கையும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. அசல் ஸ்பிரிங் பூட்டும்போது எங்கோ தெறித்துப்போக, சாலைக் கடைத்தெரு வரைக்கும் யார் நடப்பது என்று டப்பாவில் கிடந்த ஏதோ ஒன்றை அளவாக வெட்டி மாட்டியது அவர்தான். சூட்டில் அது வலுவிழந்துவிட்டது. வேறு ஸ்பிரிங் போட்டுச் சரிசெய்ய ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. புது பிளக்குகளையும் பூட்டினார்.

சோமன் திரும்பி வந்தான். வண்டியைக் கிளப்பினான். புகை இல்லை.

"எந்தாயிருந்து ஆசானே?"

"ஏர் ஃபில்டர்ல தூசி அடைச்சிருந்துச்சு."

இவ்வளவு சுலபமாக வரும் என்று நம்பியே எதிர்பார்க்கவில்லை. யாருக்கும் தெரியாது, வண்டி ஓடும், அம்மாள் சந்தோஷப்படுவாள், பெயரும் கெடாது. "ஆசான் ஆசான்தான்!" என்று சோமன் கும்பிட்டுவிட்டுப் போனான். அந்தக் கும்பிடுதான் அவரால் தாங்க முடியாமல் போயிற்று. காலால் மிதித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. மத்தியானச் சோற்றைப் பிரித்தார். உருண்டையை வாயருகே கொண்டுபோனதும் அந்த வாசனை வந்தது. கையை சோப்புப் போட்டுக் கழுவினார்; பிறகு மண்ணைப் போட்டுத் தேய்த்தார்; வாசனை போகவில்லை. பிச்சைக்கனி ஏழு வருஷம் காத்த பெயரை நான் ஒரு மூச்சில் இழுத்து எறிந்துவிட்டேன், இப்போது மறுபடியும் பொய் வேறு சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தார். சோற்றை மூடி வைத்துவிட்டுக் கொட்டகையைப் பூட்டினார்.

சிவகாமியம்மாளின் வீடு கிழக்கேகோட்டையில், கோயிலுக்குத் தெற்கே ஒரு சந்தில். அம்மாள் ஊஞ்சலில் இருந்தாள். நம்பி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், ஸ்பிரிங், கை, காலையில் சோமனிடம் சொன்ன பொய் உட்பட.

அம்மாள் ஊஞ்சலை நிறுத்தினாள். "நானும்தானே மோந்து பாத்தேன். உன் கையாக்கும் நாறுகதுன்னு எனக்குத் தோணலியே. எனக்கும் ஒரு கள்ளன் வேண்டியிருந்து, நீ பிடிச்சுத் தந்தே" என்றாள். பிறகு குரல் மாறியது. "ஆனா நம்பி, அன்னைக்கு ஊரைக் கூட்டி வச்சுல்லா சொன்னே? இன்னைக்கு எங்கிட்ட மட்டும் ரகசியமா வந்து சொல்லுகே!"

"எங்க சொல்லணுமோ அங்க சொல்லுதேம்மா."

"போ. ஸ்டாண்டுல போய்ச் சொல்லு. பொறவு வண்டியை எடுத்துட்டுப் போய் அவனைக் கூட்டிட்டு வா. சோமனுக்கு நான் வேற வழி பாக்கேன்."

ஸ்டாண்டில் டாக்ஸிக்காரர்கள் வண்டி நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நம்பி நடுவில் போய் நின்று சொன்னார். ஒருவன் சிரித்தான். ஒருவன், "அப்ப எங்க வண்டிக்கு எல்லாம் நீரு சொன்னது என்ன லெச்சணமோ?" என்று கேட்டான். இன்னொருவன் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, "பாவம் வே அந்தப் பய" என்றான். அவ்வளவுதான். ஆட்டம் தொடர்ந்தது. பெயர் போய்விட்டது என்று நம்பிக்குத் தெரிந்தது. ஆனாலும் வண்டியைக் கரமனைக்குத் திருப்பியபோது நெஞ்சில் பாதி பாரம் இறங்கியதுபோல் இருந்தது. மீதியையும் பிச்சைக்கனி முன்னால் இறக்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தார். மனுஷனுக்குத்தான் எவ்வளவு அவசரம், தன் பாரத்தை இறக்கிவைக்க!

ஆற்றோரத்தில் ஒற்றை அறை வீடு. பிச்சைக்கனி அப்போதுதான் ஆற்றிலிருந்து வந்து ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தான். தோள்பட்டையில் கூடை உரசிய இடம் புண்ணாகியிருந்தது.

"அண்ணாச்சியா! வாங்க, வாங்க, உள்ள வாங்க. பூமாரி, அண்ணாச்சி வந்திருக்காங்க, காப்பி போடு."

உள்ளே அவன் மனைவி பூமாரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நிறைமாதம். எழுந்திருக்கவில்லை. நம்பி சொல்லத் தொடங்குவதற்குள் பிச்சைக்கனி அவரைக் கையைப் பிடித்துப் பெட்டி மேல் உட்காரவைத்தான்.

"நானே உங்களைப் பாக்க வரணும்னு இருந்தேன். கள்ளனைப் பிடிச்சாச்சு அண்ணாச்சி."

"எந்தக் கள்ளன்?" நம்பிக்குப் புரியவில்லை.

"இசக்கி. எம் மச்சினன், இவளுக்குத் தம்பி. தம்பானூர் ஓட்டல்ல வேலை பாத்துக்கிட்டு எங்ககூட இருந்தான்லா? விடியக்காலம் வண்டி கழுவுதது அவன்தான். நான் கலக்கல, அது எனக்குத் தெரியும். ஆனா பிளக்குல வாசனை வருது. நானே மோந்தேன். அப்ப வேற யாரு? டேங்குப் பக்கம் போறது நானும் அவனும்தான். உங்க ஒர்க்‌ஷாப்புல நிக்கும்போதே எனக்கு வெளங்கிட்டு. அங்க சொன்னா எம் பொண்டாட்டி குடும்பத்துக்குக் கேவலம்னு வாயைத் திறக்காம வந்துட்டேன்."

பிச்சைக்கனி விடாமல் சொல்லிக்கொண்டே போனான், ஒரு நல்ல மாணவன் வாத்தியாரிடம் ஒப்பிக்கிற மாதிரி.

"ஒத்துக்கிட மாட்டேன்னுட்டான். அம்மன் கோயில் நடையில கொண்டு நிறுத்தினேன். சூடத்தைக் கொளுத்தினேன். உள்ளங்கையால அடிச்சு அணைச்சு, 'நான் தொடல அத்தான்'னு சத்தியம் பண்ணுதான். இவ அழுதா. எனக்கே ஒரு நிமிசம் மனசு ஆடிச்சு. ஆனா பிளக்கு பொய் சொல்லாதே அண்ணாச்சி! அம்மனுக்கு முன்னாலயே பொய்ச் சத்தியமான்னு கோவம் வந்துட்டு. நடையில வச்சே அடிச்சுட்டேன். துணிமணியைத் தூக்கித் தெருவில போட்டேன். போயிட்டான்."

சொல்லிவிட்டு நம்பியின் முகத்தைப் பார்த்தான். சரியாகத்தான் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்க விரும்புகிற பார்வை. நம்பிக்கு அந்த நிமிஷத்தில் எழுந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது. ஒருவன் வேலையைக் கெடுத்ததாக நினைத்து வந்தார். அவன் ஒரு தெய்வத்தையே நம்பாமல் போகும்படி செய்திருக்கிறார்.

"பிச்சைக்கனி," என்றார். கையை நீட்டினார். "மோந்து பாரு."

"என்ன அண்ணாச்சி?"

"மோந்து பாருடே."

பிச்சைக்கனி குனிந்து அவருடைய வெறுங்கையை மோந்து பார்த்தான். நிமிர்ந்தான். மறுபடியும் குனிந்து மோந்து பார்த்தான்.

"பிளக்கு ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன். வண்டியில மண்ணெண்ணெயே கிடையாது, என் கையிலதான் இருந்துச்சு. புகைஞ்சது நான் மாட்டின மட்டமான ஸ்பிரிங்காலே. நீயும் செய்யல, இசக்கியும் செய்யல. நான் பாவி." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. அழுதுவிட்டார். அம்பது வயசு ஆள் பெட்டி மேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பிச்சைக்கனி அழவில்லை, ஏசவில்லை. தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மச்சினனை அடித்த கை.

பூமாரி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். நம்பியைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்துத்தான் சொன்னாள். "கூடப்பிறந்தவ நான் சொன்னேன், கேக்கல. அம்மன் முன்னால அவன் சொன்னான், கேக்கல. இவங்க வந்து சொன்னாத்தான் உங்களுக்குக் கேக்குது." பிறகு நம்பியிடம் திரும்பினாள். "காப்பி போட எனக்கு மனசு வரல. ஆரல்வாய்மொழிப் பக்கம் செங்கல் சூளையில அவனை யாரோ பாத்திருக்காவ. எம் பிள்ளை பிறக்கும்போது அதுக்கு மாமன் இங்க இருக்கணும். ரெண்டு பேரும் போய் காலைப் பிடிச்சாவது கூட்டிட்டு வாங்க."

வண்டி கொண்டுபோவதை அம்மாளிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம், இன்றைக்கே போய்விடலாம் என்றார் நம்பி. பிச்சைக்கனி சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். அம்மாள் அவனைத் திரும்ப வரச் சொன்னதைச் சொல்லி நம்பி சாவியை நீட்டினார். வாங்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். இத்தனை நாளைக்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடுகிறவனுக்கு முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை. வண்டியைக் கிளப்பினான். எஞ்சின் ஒரே சீராக ஓடியது. கண்ணாடியில் பின்னால் பார்த்தான், புகை இல்லை. கரமனைப் பாலத்தை நெருங்கும்போது பிச்சைக்கனி வாயைத் திறந்தான்.

"அண்ணாச்சி."

"சொல்லுடே."

"வண்டி புகைய ஆரம்பிச்ச மறுநாளே இசக்கி எங்கிட்ட சொன்னான். 'அத்தான், அந்த அண்ணாச்சி கார்புரேட்டர்ல கை வச்ச பொறவுதான் இப்படி இருக்கு, ஒருக்கா கொண்டு காட்டுங்களேன்'னான். அவரு பாத்த வண்டியைக் குத்தம் சொல்ல நீ யாருலேன்னு ஏசினேன்."

"எங்கிட்ட வந்து அதை நீ சொல்லியிருக்கலாமே."

பிச்சைக்கனி ரோட்டையே பார்த்துக்கொண்டு கேட்டான். "சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

ஆடி மாதத்துக் காலையில் தான் எப்படி நின்றோம் என்பது நம்பிக்கு நினைவிருந்தது. விரல் சொன்னதையே கேட்காதவர், வண்டி கழுவுகிறவன் சொன்னதையா கேட்டிருப்பார்? பொய் சொல்லத் தெம்பு இல்லை.

"மாட்டேன்" என்றார்.

பிச்சைக்கனி தலையை ஆட்டினான். பாலத்தைத் தாண்டி, நாகர்கோவில் ரோட்டில் வண்டியை விரட்டினான்.